வெண்மணியை மறக்கவிடாதவர்

நாஜிக் கொலைகாரர்களைத் தேடிப் பிடிப்பதிலேயே தம் வாழ்நாளைக் கழித்த சைமன் வீசெந்தாலைப் பற்றி நம் கல்லூரி நூலகத்தில் படித்தேன். விடுமுறைக்கு ஊர் சென்றபோது அப்பாயியிடம் வியந்து சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே, "வெண்மணியில எரிச்சவங்களை யாருடா தேடினா?" என்றார்.

தேட வேண்டிய அவசியமே அங்கு இருக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், ஒரு சிறு குடிசையில் அடைக்கலம் புகுந்த தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட குடும்பங்கள் அவை. குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதார்களை ஊரே அறியும். நாகப்பட்டினம் கோர்ட்டு தண்டித்தது. 1973-இல் உயர்நீதிமன்றமோ, நிலமும் காரும் உள்ள செல்வந்தர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று கூறி விடுவித்துவிட்டது. (கார் வாங்கியவருக்குக் கால் இராது போலும்!)

அந்தத் தீர்ப்பைத் தம் எழுத்தால் கூண்டில் ஏற்றியவர் மைதிலி சிவராமன். நியூயார்க்கில் ஐ.நா. பணியை விட்டுத் திரும்பியவர். கொடுமை நடந்த சிறிது காலத்திலேயே வெண்மணிக்குச் சென்று, உயிர் தப்பியவர்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதியவர். பிறர் மறக்கக்கூடாது என்று உழைத்த அவரையே முதுமையில் மறதி நோய் பற்றியது. 2021-இல் மறைந்தார்.

இதையும் அப்பாயியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தவர் மெல்லச் சொன்னார்: "நம்ம வீட்லயும் அந்த அரைப்படியை அப்பக் கொடுக்கலடா."