பாலைவனத்தில் தனிக்குடித்தனம்

ஆஸ்திரேலியாவில் பேர்ட்ஸ்வில் என்கிற குட்டியூண்டு ஊரைத் தாண்டினால் சிம்ப்ஸன் பாலைவனம். நம்மை வரவேற்கும் மணல்மேட்டுக்குப் பேர் 'பிக் ரெட்'. சுமார் 40 மீட்டர் உயரம்! அதற்கப்புறமும் ஆயிரத்துச் சொச்சம் மேடுகள், வரிவரியாக.

முதல் தடவை போனபோது மச்சினன் ஜீப்பில் ஒரே பாட்டரி. ஃப்ரிட்ஜுக்கும் அதேதான். உள்ளே தயிர், இட்லி மாவு, மச்சினனின் இன்சுலின். ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ் ஓடிய புண்ணியத்தில், காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்'. அவ்வளவுதான்! தள்ளி ஸ்டார்ட் பண்ண அது என்ன தார் ரோடா? இன்னொரு வண்டி வந்து, கேபிள் போட்டு உயிர் கொடுக்கச் சாயங்காலமாகிவிட்டது. அதுவரை மச்சினன் என்னோடு பேசவே இல்லை. இன்சுலின் டப்பாவை ஈரத்துணியில் சுற்றி, நிழல் நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை பின்பக்கம் ரெண்டாவது பாட்டரி. 'டீப் சைக்கிள்' ரகமாம். கொஞ்சம் கொஞ்சமாக, நெடுநேரம் கொடுக்குமாம். ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் அதன் பொறுப்பு. முதல் பாட்டரிக்கு இன்ஜினைக் கிளப்புகிற வேலை மட்டும்.

"தனிக்குடித்தனம் வெச்சுட்டேன் அத்தான்!"

நடுவே 'ஐசொலேட்டர்' என்றொரு சின்னப் பெட்டி. இன்ஜின் ஓடி 13.3 வோல்ட்டைத் தொட்டால் ரெண்டையும் சேர்த்துவைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். ஒயர் தடிமனாக இருக்கணும், ரெண்டு முனையிலும் ஃப்யூஸ் வேணும். இல்லாவிட்டால் தனிக்குடித்தனம் தீப்பிடித்துவிடும்!

மறுநாள் காலை, நடுங்கிக்கொண்டே சாவியைத் திருப்பினேன். 'விர்ரூம்!'

மச்சினன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் இட்லி.