சாவி என்னிடம் இருந்தது

அப்பா இறந்து ஆறு வருடமாக எங்கள் ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. பாகம் பிரிக்காத சொத்து. அண்ணன் விற்கலாம் என்கிறார், தங்கை கூடாது என்கிறாள். சாவி சென்னையில் என் பீரோவுக்குள். வீட்டுவரியை ஓர் அரையாண்டுகூட நான் பாக்கி வைத்ததில்லை. வீட்டுக்காரன் ஊருக்குச் செய்ய வேண்டியது அவ்வளவுதான் என்று நம்பியிருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்கள். “தம்பி, கொல்லையில தொட்டி ரொம்பி நிக்குது. கொசு மருந்து ஊத்துற பொண்ணு வந்து வந்து பூட்டைப் பாத்துட்டுப் போவுது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்.” தீபாவளிக்கு வருகிறேன் என்றேன். போகவில்லை. அப்புறம் நகராட்சிக்காரர்கள் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். அக்கா அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. தெருச் சாக்கடையைத் தூர்வாராதவர்களுக்கு என் கொல்லையில் என்ன வேலை என்று மனைவியிடம் கத்தினேன். இத்தனைக்கும் எனக்குச் சட்டம் தெரியாததில்லை. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தேங்கிய நீரை அகற்றச் சொல்லி உரிமையாளருக்கு உத்தரவிடலாம். அவன் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்து, செலவை அவனிடம் வசூலிக்கலாம். அந்தச் செலவு எவ்வளவு வந்துவிடப் போகிறது என்று கணக்குப் போட்டேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

கார்த்திகை பிறந்த வாரம் அக்காவின் பேரனுக்குக் காய்ச்சல். ஏழு வயது. டெங்கு. தட்டணுக்கள் இறங்கி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். விசாரிக்கப் போன் செய்தபோது நான் சொன்ன வார்த்தை இது: “ஊரெல்லாம்தான் தண்ணி நிக்குது, எங்க கடிச்சுதோ என்னவோ.” அவர்கள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு நானாகவே பதில் சொல்லிக்கொண்டேன். “ஆமாம் தம்பி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமையே கிளம்பிப் போனேன். மருந்து ஊற்றும் பெண்ணும் வந்திருந்தார். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய சிமெண்டுத் தொட்டி, மூடி பறந்துபோன மாடித் தொட்டி, அடுக்கிவைத்த பழைய டயர் இரண்டு, கவிழ்க்காமல் விட்ட உரல். அவர் டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அதில் புழுக்கள் சுருண்டு சுருண்டு மேலே வந்தன. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம் சார், இந்த மாதிரி தெளிந்த மழைத்தண்ணீர்தான் பிடிக்கும் என்றார். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். பிறந்த இடத்திலிருந்து அது வெகுதூரம் பறப்பதும் இல்லை. அக்கா வீட்டுத் திண்ணை எங்கள் தொட்டியிலிருந்து முப்பது அடி.

தொட்டியைக் கவிழ்த்தேன், போதுமென்று நினைத்தேன். அவர் தேங்காய் நாரை எடுத்து உட்சுவரை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார். நீர் வற்றினாலும் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்குமாம். அடுத்த மழையில் பொரியும். ஆறு வருடத்தில் எத்தனை மழை. நாரை அவரிடமிருந்து வாங்கி நானே தேய்த்தேன்.

“சாவியை இங்க யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போங்க சார். வாரம் ஒரு தடவை வருவேன். பூட்டியிருந்தா நான் என்ன பண்றது?” என்றார்.

அக்காவிடம்தான் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? வாங்கி, வாசல் நிலையிலிருந்த ஆணியில் மாட்டினார்கள். பேரன் உள்ளே பாயில் படுத்திருந்தான், கை மெலிந்திருந்தது. போனில் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தேன். காபி வந்தது. குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். இன்னும் கேட்கவில்லை.