குடம் தூக்கும் கைக்கும் முட்டை வேண்டும்

“வீட்டு வேலையே தேகப் பயிற்சிதானே, தனியாக எதற்கு?” என்று கேட்கும் சகோதரிகள் எங்கள் நாமக்கல் பக்கத்தில் நிறைய. நம் பாட்டிமாருக்கு அது பொருந்தும். உலக்கையைக் கை மாற்றி மாற்றிப் போட்டுக் கம்பு இடித்தார்கள், கிணற்றில் தண்ணீர் சேந்தினார்கள், அம்மியில் அரைத்தார்கள். காலும் இடுப்பும் முதுகும் தோளும் சேர்ந்து வேலை செய்தன. இப்போது மிக்ஸி, கிரைண்டர், மோட்டார். நமக்கு வேலை குறையவில்லை, பளுதான் குறைந்தது. நாள் முழுக்க நின்றால் களைப்பு வரும், பலம் வராது. (உலக்கை திரும்பி வரட்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிடித்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்!)

மூன்று வருஷம் முன்பு என் மாமியார் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் தானாக எழ முடியாமல், நான் தோட்டத்திலிருந்து வரும்வரை முக்கால் மணி நேரம் ஈரத்திலேயே இருந்திருக்கிறார். “எந்திரிக்கக் கால்ல தெம்பே இல்ல கண்ணு” என்றார். வயதாக ஆகத் தசை கரையும், மாதவிலக்கு நின்றபின் எலும்பும் வேகமாகத் தேயும், பளு தூக்கிப் பழகினால் இரண்டையும் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். எனக்கு அப்போது 43. உலக சுகாதார நிறுவனமும் 2020-ல், வாரத்தில் குறைந்தது 2 நாளாவது உடம்பின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் பலப் பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது.

நான் செய்வது இவ்வளவுதான். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை வைத்து உடம்பைத் தள்ளுவது. இரண்டு துணிப் பைகளில் 2 கிலோ அரிசி போட்டுத் தரையில் வைத்து, முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னால் தள்ளித் தூக்கி நிமிர்வது. கட்டிலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை விலாப் பக்கம் இழுப்பது. ஒவ்வொன்றும் 10 தடவை, இரண்டு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சை அடக்கக் கூடாது. 10 சுலபமானால் அரை கிலோ கூட்டலாம். என் பைகள் இப்போது 7 கிலோ. மாமியார் நாற்காலிப் பயிற்சி மட்டும், என் தோளைப் பிடித்துக்கொண்டு 8 தடவை செய்வார். ஒன்பதாவது கேட்டால், “முதல்ல காப்பி கொண்டா” என்பார்.

“ஆம்பளை மாதிரி ஆயிடுவோமாம்மா?” என்று என் மகளுக்குப் பயம். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மணிப்பூர் மீராபாய் சானுவின் படத்தைக் காட்டினேன். 49 கிலோ எடைப் பிரிவில் நின்று 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிய பெண்! சின்ன வயதில் விறகுக் கட்டு சுமந்தவராம். வாரம் மூன்று நாள் அரிசிப் பை தூக்குகிற நமக்கு மீசையா முளைக்கப் போகிறது?

சாப்பாட்டு விஷயம்தான் எனக்கு ஆற்றாமை. எங்கள் ஊர் முட்டை கேரளாவுக்குப் போகிறது, கப்பலேறுகிறது, பள்ளிக்கூடச் சத்துணவுக்குப் போகிறது. வீட்டிலோ அவருக்கு இரண்டு, பையனுக்கு ஒன்று, அம்மாவுக்குக் குழம்பு! ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தினம் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. முட்டை தொடாதவர்களுக்குக் கொள்ளு இருக்கிறது. 50 கிராமில் 11 வரும். மீதியைச் சோறும் கம்பும் பருப்பும் ஈடுகட்டும். பவுடர் டப்பா தேவையே இல்லை. எங்கள் வீட்டில் முட்டை வேகும்போதே எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறேன்.

புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள், சிசேரியன் ஆனவர்கள், ரத்தக் கொதிப்போ கர்ப்பப்பை இறக்கமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே பையைத் தொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவையும் அவரிடமே கேளுங்கள்.