ஒலுவிற் கரையில் ஒரு ரிபன் முடிச்சு

பெண் குழந்தை உள்ள வீடுகளிலே காலை ஆறரை மணிக்கு நிகழும் அமளியை வாசகர்கள் அறிவர். "ஒரு ரிபனைக் காணவில்லை!" என்னும் கூக்குரல் எழாத பாடசாலை நாள் எமது இல்லத்தில் அருமை. இரட்டைப் பின்னலுக்கு ரிபன்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று கட்டிலின் கீழ் ஒளிந்து விளையாடும். ஆகவே, மகளைப் பாட்டியாரிடம் விட்டு ஒலுவிலுக்குப் புறப்பட்ட அன்று, இரண்டு நாளாவது இத்தொல்லை இல்லை என்று மகிழ்ந்தோம்.

1996 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகமாக விளங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எமக்கொரு சிறு பணி இருந்தது. மருதமுனைக் கைத்தறிச் சேலை வாங்கும் எண்ணத்தோடு இல்லாளும் உடன் வந்தார். கல்முனையில் நாம் பஸ் ஏறியது பாடசாலை விடும் வேளை. அக்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் இருநிறப் பூக்களைத் தொடுத்தாற்போல மாறிமாறி வருவன. சாய்ந்தமருதில் ஏறிய மாணவியர் யாவரும் வெண்ணிறப் பர்தா அணிந்திருந்தனர். விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவில் ஏறியவர்களுக்கோ மடித்துக் கட்டிய பின்னல்களும் ரிபன்களும். நிந்தவூரில் மீண்டும் வெள்ளை. "ரிபன் இராச்சியம் காரைதீவோடு முடிந்தது" என்றோம். இல்லாள் சிரிக்கவில்லை.

தலையில் அணிவது நம் நாட்டிலே சிறிய விடயமன்று. 2018 இல் திருகோணமலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் உடை பற்றி எழுந்த பிணக்கு பத்திரிகைகளை நிறைத்தது. 2019 இல் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பின்னரோ, பர்தாவைக் கண்டாலே பலர் ஒதுங்கினர். ஏன், பஸ்ஸிலே பர்தா அணிந்த ஒரு மூதாட்டியின் பக்கத்து ஆசனம் வெறுமையாய் இருக்க, நாமும் பத்து மைல் தூரம் நின்றுகொண்டே பயணஞ் செய்ததுண்டு. அந்த மூதாட்டி இரண்டு முறை எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

நிற்க. ஒலுவிலில் ஆசிரிய நண்பர் ஒருவரின் இல்லத்தில் விருந்துண்ண நேர்ந்தது. நாம் முன் விறாந்தையில் அமர்ந்தோம். இல்லாளைத் திரைக்கு அப்பால் அழைத்துச் சென்றனர். சிறிது நேரத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வெளியே ஓடி வந்தாள். தலையிலே, தலையளவு பெரிதான ஊதா நிறப் பூமுடிச்சு! அது கோணிச் சரிந்து காதில் விழுந்துகொண்டிருந்தது. "மூத்தவாப்பா, கட்டித் தாங்க" என்று கிழவர் ஒருவரின் மடியில் ஏறினாள்.

அவர் கடலோடி. முடிச்சை அவிழ்த்தவாறே தமது கதையைச் சொன்னார். 2013 இல் திறந்த துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்தது. அயற்கரையைக் கடல் அரித்தது. தோணியை இழுத்து வைத்த இடம் இன்று தண்ணீர். இவ்வளவும் சொல்லும்போது கை மாத்திரம் ரிபனை விடவில்லை. "முதல்ல வலது மேலால போனா, அடுத்தது இடது மேலால போகணும் சேர். ரெண்டும் ஒரே பக்கம் போனா முடிச்சுக் கோணும், கழரும். தோணிப் பாயைச் சுருட்டிக் கட்டுறதும் இப்படித்தான்" என்றார். பூ இரு செவிக்கும் நேராக நின்றது. பதினைந்து ஆண்டுகளாக எம் மகளின் ரிபன் கோணுவதற்குக் காரணம் அன்றுதான் விளங்கிற்று.

திரும்பும் வழியில், திரைக்கு அப்பால் கண்டதை இல்லாள் கூறினார். (பெயர் குறியாவிடின் எழுதலாம் என்று அவ்வீட்டார் இசைந்த பின்னரே இதனை எழுதுகின்றோம்.) மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வது அக்கரையில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். எனவே தாய், தாயின் தாய், சிறிய தாய் எல்லாரும் அண்மையிலேயே இருப்பர். பின்னுவதற்குக் கை குறைவில்லை. மூத்த பெண்கள் இருவருக்கும் முழங்கை நீளப் பின்னல்கள். பிஸ்கட் தகரம் ஒன்று நிறைய ரிபன்கள். பர்தாவின் கீழே பூமுடிச்சு வைத்தால் மேடு தட்டும். ஆதலால் பாடசாலைக்குத் தட்டையாகச் சுற்றிக் கட்டுவார்களாம். பெருநாளிலும் பெண்கள் கூடும் கல்யாண வீட்டிலும் பூக்கள் விரியும். "எந்த நிறம் யாருக்கு என்று அங்கேயும் சண்டைதான்" என்றார் இல்லாள். "உங்கள் இராச்சியம் காரைதீவோடு முடியவில்லை."

புதிய ரிபனின் ஓரத்தை மெழுகுதிரிச் சுடரில் காட்டி அவர்கள் நூல் பிரியாமல் அடைத்ததையும் இல்லாள் வியந்து சொன்னார். இது பொலியெஸ்டர் தந்த வசதி. அது உருகி ஒட்டிக்கொள்ளும். பட்டு உருகாது, கருகும். அதனாலேயே பட்டு ரிபனின் நுனியை மீன்வால்போல வெட்டினர். பட்டு ரிபன் பெருந்தொழிலாய் இருந்த காலமும் உண்டு. பிரான்சின் சென் எற்றியனும், சுவிற்சர்லாந்தின் பாசலும், இங்கிலாந்தின் கொவென்றியும் அதனாலேயே செழித்தன. 1860 இல் பிரெஞ்சுப் பட்டின் மீதிருந்த தீர்வையை இங்கிலாந்து நீக்கவே, கொவென்றி நெசவாளர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். பலர் ஊரைவிட்டே போயினர்.

கல்முனையில் இறங்கிச் சிறு கடையொன்றில் நுழைந்தோம். தொப்பி அணிந்த கடைக்காரர் ரிபன் உருளைகளைப் பரப்பினார். மகளின் பாடசாலை நிறத்தைக் காட்டி, இரண்டு துண்டு வேண்டும் என்றார் இல்லாள். அவர் அளந்து மூன்றாக வெட்டினார்.

"இரண்டுதானே கேட்டோம்?" என்றோம்.

"ஒண்டு எப்படியும் தொலையும் சேர். எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள்" என்றார்.