பையில் அடங்கும் கேமரா

கூல்பிக்ஸ், சைபர்ஷாட், பவர்ஷாட், ஈஸிஷேர். இந்தப் பெயர்களில் ஒன்றாவது நம்மில் பலர் வீட்டு பீரோவில் இருந்திருக்கும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமா கொண்டுவந்ததாக இருக்கும். இல்லையென்றால் தீபாவளி போனஸில் வாங்கியதாக இருக்கும். குலதெய்வக் கோவிலுக்கும் காதுகுத்துக்கும் ஊட்டிக்கும் அதுதான் போனது. வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்து அமுக்கலாம்.

ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பான சிபாவின் கணக்குப்படி, 2010இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் உலகச் சந்தைக்குப் போயின. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு இந்தச் சின்னக் கேமராக்கள்தாம். 2023இல் எல்லா வகையும் சேர்ந்தே சுமார் 77 லட்சம்தான். சின்னக் கேமராக்கள் 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2018இல் கேசியோ இந்தத் தொழிலை விட்டே விலகியது. 1995இல் பின்பக்கம் திரை வைத்த கேமராவைக் கடைக்குக் கொண்டுவந்து, எடுத்த படத்தை அங்கேயே பார்க்கும் பழக்கத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம் அது.

இந்தச் சரிவுக்குக் காரணம் ஸ்மார்ட்போன் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் தொடக்க கால போன்களின் படம் சின்னக் கேமராவின் படத்தைவிட மோசமாகத்தான் இருந்தது. மக்கள் அதைத் தெரிந்தேதான் மாறினார்கள். எடுத்த படத்தை அந்த நிமிடமே அம்மாவுக்கு அனுப்ப முடிந்தது. அது போதுமானதாக இருந்தது. கேமரா நிறுவனங்களோ அப்போதும் மெகாபிக்சலையும் ஜூமையும் கூட்டிக்கொண்டிருந்தன. வாங்குகிறவர் தேடியது ஒன்று, பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது இன்னொன்று.

இப்போது அதே மக்களின் பிள்ளைகள் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். என் அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். கையில் நல்ல போன் இருக்கிறது. இருந்தும் பழைய சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று வேண்டும் என்று இன்ஸ்டாகிராமில் தேடி அலைந்தாள். ஏன் என்று கேட்டேன். "போன்ல எடுத்தா எல்லாரும் ஒரே மாதிரி இருக்கோம் மாமா" என்றாள். அவள் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் உண்மை. போன் ஒரு படத்துக்குப் பல படங்களை எடுத்து ஒட்டுகிறது; நிழலை வெளுக்கிறது, வானத்தை நீலமாக்குகிறது, முகத்தை வழவழப்பாக்குகிறது. இருட்டு என்ற ஒன்றையே படத்தில் விட்டுவைப்பதில்லை. பழைய கேமராவின் செனான் ஃபிளாஷ் கண் சிமிட்டும் நேரத்துக்குள் பளீரென்று வெட்டி அணையும். சிரிக்கிறவர் சிரிப்போடு நிற்பார், பின்னால் இரவு இரவாகவே இருக்கும். விருந்தில் இருக்கும்போது அந்தக் கருவியில் வேறு எந்தச் செய்தியும் வந்து குறுக்கிடாது. இதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தாங்கள் இருந்த இடம் இருந்தபடி வேண்டும் என்று கேட்கிறார்கள், நியாயமான ஆசை.

வாங்குகிறவர் தேடுவதை நிறுவனங்களும் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2020இல் சோனி கொண்டுவந்த இசட்வி-1 முழுக்க முழுக்க வீடியோ போடுகிறவர்களுக்கானது. பக்கவாட்டில் திரும்பும் திரை, காற்று இரைச்சலைத் தடுக்க மைக்குக்கு ஒரு பஞ்சு உறை. லிப்ஸ்டிக்கை முகத்துக்கு முன் நீட்டினால் ஃபோகஸ் முகத்தை விட்டு லிப்ஸ்டிக்குக்குத் தாவும். அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. கேமராவை வடிவமைக்கிறவர்கள் வாங்குகிறவரின் மேஜையருகே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கல்யாணப் படக்காரர்களும் இதே போலத்தான் சந்தையை நகர்த்தினார்கள். கண்ணாடி மேலெழும் சத்தமில்லாமல் தாலி கட்டும் நேரத்தில் படமெடுக்க வேண்டும், கண்ணைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும், அதே கேமராவில் வீடியோவும் வேண்டும். இந்தத் தேவைகளுக்குக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா பொருந்தியது. கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் ஓரத்துக்குப் போய்விட்டது.

ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100வி கதை இன்னும் வியப்பு. 2020இல் வந்த கேமரா. ஜூம் கிடையாது, லென்ஸ் மாற்ற முடியாது. இரண்டு ஆண்டு கழித்து டிக்டாக்கில் இளைஞர்கள் கொண்டாடத் தொடங்க, கடைகளில் கிடைக்காமல் போனது. பழையதைப் புதியதைவிடக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 2024இல் அடுத்த மாடல் வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 1,599 டாலர்.

எனக்கு உறுத்துவது இந்த விலைதான். வாங்குகிறவர்கள் குறைந்தபோது நிறுவனங்கள் மேல்தட்டுக்கு ஏறிக்கொண்டன. குறைவாக விற்று, ஒவ்வொன்றிலும் அதிகம் சம்பாதிக்கும் வழி அது. கணக்குப் புத்தகத்தில் தவறில்லை. ஆனால் சம்பளக்காரர் ஒருவர் யோசிக்காமல் வாங்கிய அந்தக் கீழ்த்தட்டு காலியாகிவிட்டது. 2024இல் சின்னக் கேமராக்களின் விற்பனை மறுபடி ஏறியபோதும் பெரிய நிறுவனங்கள் அங்கே இறங்கத் தயங்கின. கேனான் 2016இல் வெளியிட்ட ஒரு சின்ன மாடலையே 2025இல் மீண்டும் கொண்டுவந்தது. வசதிகள் சிலவற்றைக் குறைத்து, விலையைக் கூட்டி.

காலியான இடத்தில் நிற்பது கோடாக் என்ற பெயர். 2012இல் திவால் மனு போட்ட கோடாக் அல்ல. பெயரை உரிமம் பெற்று வேறொரு நிறுவனம் விற்கும் பிக்ஸ்ப்ரோ கேமராக்கள். விலை குறைவு, வசதியும் குறைவு. கேனானும் சோனியும் பிறந்த ஜப்பானிலேயே விற்பனைப் பட்டியலின் முன்வரிசையில் இவை வந்தன. மலிவான கேமராவுக்கு ஆள் இல்லை என்ற பேச்சுக்கு அந்தப் பட்டியலே பதில். உண்மையான ஃபிளாஷ், வெயிலில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை, போனுக்குப் படத்தைத் தகராறில்லாமல் அனுப்பும் வழி; இவற்றோடு 15,000 ரூபாய்க்குள் ஒரு கேமராவை நிக்கானோ கேனானோ செய்து தந்தால், என் அக்கா மகளும் அவள் விடுதித் தோழிகளும் அதே வாரம் கடையில் நிற்பார்கள். நானும் ஒன்று வாங்குவேன்.