கண்ணில் படாத ஆறு கட்டைகள்

அண்ணன் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வீட்டுப்பாடத்தில் கட்டைகளை அடுக்கிவைத்த ஒரு படம். நீளவாக்கில் 4, அகலவாக்கில் 3, உயரம் 2. மொத்தம் எத்தனை என்று கேள்வி. பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணி, "26, சித்தப்பா" என்றாள்.

சரியான விடை 24. அவள் எண்ணியதில் தவறில்லை. ஆனால் எண்ணியது கட்டைகளை அல்ல, முகங்களை. மேலே 12, முன்னால் 8, பக்கத்தில் 6. முன்மூலைக் கட்டை மூன்று முறை கணக்கில் வந்துவிட்டது. பின்னால் மறைந்திருந்த ஆறு கட்டைகள் ஒருமுறைகூட வரவில்லை.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நானும் அதை மனப்பாடம் செய்தவன்தான். அந்தப் பெருக்கல் எதை எண்ணுகிறது என்று எனக்குப் புரியவைத்தது ஒரு மணல் லாரி. வீடு கட்டியபோது மேஸ்திரி லாரியில் ஏறி டேப்பை வைத்து அளந்தார். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணல் 3 அடி. "180 கன அடி. ரெண்டு யூனிட்டுக்கு இன்னும் 20 வேணும்" என்றார். 100 கன அடி ஒரு யூனிட். மணலில் கட்டை ஏது? ஆனாலும் அவர் மனத்துக்குள் அடிக்கு அடி கட்டைகள் அடுக்கி முடிந்திருந்தன.

அதனால் அட்டையில் ஒரு பெட்டி செய்தேன். நீளம் 5 செ.மீ., அகலம் 4, உயரம் 3. பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ள மரக்கட்டைகளை அவளிடம் கொடுத்தேன். வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை வைத்தாள். தரை நிறைந்தது, 20. அடுத்த அடுக்கைத் தொடங்குவாள் என்று பார்த்திருந்தேன். அவளோ ஒரு மூலையில் மட்டும் இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். விளிம்புக்குச் சரியாக நின்றன. "மூணு அடுக்கு. அப்போ 60" என்றாள். மீதிக் கட்டைகள் கையிலேயே இருந்தன.

முதல் பெருக்கல் ஓர் அடுக்கு. அடுத்தது அடுக்குகளின் எண்ணிக்கை. இதைக் கை கண்டுகொண்டால், பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள பெட்டியில் 1000 கட்டைகள் என்பதும், அதே பெட்டி ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளும் என்பதும் தாமாகவே விளங்கும். அடுக்கிப் பார்க்காத பிள்ளைக்குச் சூத்திரம் வெறும் மூன்று எண்கள்.

பிறகு அவள் பழைய படத்துக்குப் போனாள். 26-ஐ அழித்தாள். விடை எழுதுமுன், மறைந்திருந்த ஆறு கட்டைகளையும் புள்ளிக்கோட்டால் வரைந்தாள்.