கடலும் ஒரு கடைமடைதான்

தாமிரபரணியைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பாபநாசத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பொதிகையும் அருவியும் படித்துறையும் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால், இந்த ஆற்றின் குணம் தெரிய அணைக்கட்டு அணைக்கட்டாகக் கீழே இறங்க வேண்டும். சுமார் 125 கிலோமீட்டர்தான் நீளம். காவிரியில் ஆறில் ஒரு பங்கு தேறாது. அதற்குள் கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டத்தைத் தவிர மற்றவை வெள்ளைக்காரர் காலத்துக்கும் முந்தியவை. ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும் இந்தத் தாழ்ந்த கல்சுவர்கள் தண்ணீரைச் சிறைவைப்பதில்லை. கால்வாயின் தலைமதகுக்கு எட்டும் அளவுக்கு மட்டத்தை உயர்த்துகின்றன. மிச்சம் சுவரின் மேல் வழிந்து அடுத்த ஊருக்குப் போகிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெற்போகங்களும் இந்த ஏற்பாட்டில்தான் விளைந்தன. தனக்குக் கீழேயும் வயல் உண்டு என்ற நினைப்போடு கட்டிய கட்டு இது.

அந்த நினைப்பு ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே அறுந்துவிடுகிறது. அதற்கப்பால் போகும் தண்ணீரை ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று விவசாயியும் சொல்கிறார், அதிகாரியும் சொல்கிறார். இதை ஏற்க முடியாது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கப்பல் நின்ற இடத்தை நிலமாக்கியதில் பெரும்பங்கு ஆறு சுமந்துவந்த வண்டலுக்கு உண்டு. ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களும் ஏரல் பக்கத்து வாழையும் அந்த மண்ணில்தான் நிற்கின்றன. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் அலையாத்தி வேர்களுக்கிடையே மீன்குஞ்சும் இறாலும் வளர நன்னீரும் உப்புநீரும் கலந்தாக வேண்டும். ஆற்றின் வரத்து குறைந்தால் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும். வீண் என்று தள்ளும் தண்ணீர் செய்கிற வேலை இவ்வளவு.

செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் சாத்தான்குளமும் திசையன்விளையும் காய்ந்து கிடக்கும்போது கடலுக்கு ஏன் பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்து ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்திலேயே பயணிகள் சிக்கிக்கிடந்ததைப் பார்த்த பிறகு, அந்த மிகைநீரில் ஒரு பகுதியைத் தேரிக்காட்டுக்குத் திருப்பும் வெள்ளநீர்க் கால்வாயை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெள்ளம் வேறு, வற்றாத ஓட்டம் வேறு. வெள்ளத்தில் மிஞ்சியதைத் திருப்பலாம். வெயில் காலத்திலும் முகத்துவாரம் வரை போக வேண்டிய ஓட்டத்தில் கைவைக்கக் கூடாது. கால்வாயின் கடைசி வயலான கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் மறியல் செய்யும் வட்டாரம் இது. புன்னைக்காயலையும் ஒரு கடைமடையாகப் பாசனக் கணக்கில் எழுத வேண்டும் என்பதுதான் கோரிக்கை.